ரேம் மெதுவாக இருந்தால் கம்ப்யூட்டர் விழுமா?

தேவகோட்டைப் பக்கம் கல்யாண ஆல்பம் செய்துகொடுக்கும் தம்பி ஒருவர், போன மாசியில் தன் கம்ப்யூட்டரை ஆட்டோவில் தூக்கி வைத்துக்கொண்டு காரைக்குடியில் என் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, சும்மா இருந்தா ஒண்ணும் செய்யாது. கல்யாண வீடியோவை ஏத்தி ரெண்டரிங் போட்டா பத்து நிமிசத்துல நீலத் திரை. ப்ராசஸர் புதுசுண்ணே. ரேமும் இப்பத்தான் கூட்டினேன்."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே விடை இருந்தது. அதைக் காதில் வாங்காமல் நான் மூன்று நாளை வீணாக்கினேன். அந்த மூன்று நாள் கதையைப் பிறகு சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுகிறவர்கள் முதலில் ரேமுக்கும் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் தற்காலிக நினைவகம்) ப்ராசஸருக்கும் (கணக்கெல்லாம் போடும் மூளைச் சிப்) நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கதை எளிதில் புரியும். (ரெண்டரிங் என்பது தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக ஆக்கும் வேலை. நீலத் திரை என்பது விண்டோஸ் திடீரென்று நின்றுபோகும்போது வரும் பிழைத் திரை. அப்படி நின்றுபோவதைத்தான் விழுவது என்கிறேன்.)

ஆத்தங்குடியில் கல் வார்ப்பதை நம் பக்கத்துக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமென்ட்டுக் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, சாந்து வைத்து மட்டம் பிடிப்பார்கள். அதன்பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறல், வெளியில் காய்ச்சல். இறுகிய கல் தானாகவே கண்ணாடியை விட்டுப் பிரியும். அப்படிப் பிரிந்தால்தான் முகம் தெரிகிற பளபளப்பு கிடைக்கும்.

இந்தக் கல்லை வாங்கித் தளம் போடும் கொத்தனார் பெரிய வேகக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பட்டறையிலிருந்து கல் வர நேரமானால் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை தாமதமாகும், ஆனால் தளத்தில் பூ பூவாகவே இருக்கும். அதே கொத்தனார் பொறுக்க முடியாமல் பட்டறைக்கே போய், "நேரமாச்சு, எடு" என்று இறுகாத கல்லைப் பிய்த்து எடுத்தால் பாதிப் பூ கண்ணாடியோடு போய்விடும். மீதியைத்தான் அவர் தளத்தில் பதிக்க வேண்டும்.

கொத்தனார்தான் ப்ராசஸர், பட்டறைதான் ரேம். ரேம் மெதுவாக இருந்து ப்ராசஸர் காத்திருந்தால் கம்ப்யூட்டர் மந்தமாக ஓடும், அவ்வளவுதான். ரேம் தயாராகும் முன்பே ப்ராசஸர் தரவைப் பிடுங்கினால்தான் கம்ப்யூட்டர் விழும். "உங்க ரேம் ஸ்லோ, அதான் கிராஷ் ஆகுது" என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. மெதுவான ரேமை அதன் வேகத்திலேயே ஓட விட்டால் ஒன்றும் ஆகாது. அதன் சக்திக்கு மீறி ஓடச் சொல்லும்போதுதான் தரவு தப்பும் தவறுமாக வருகிறது.

சொல்லப்போனால், இன்றைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் ரேம் ப்ராசஸரைவிட மெதுவானதுதான். 4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 400 கோடி முறை துடிக்கும் ப்ராசஸருக்கு ஒரு துடிப்பு என்பது 0.25 நானோ வினாடி (நானோ வினாடி என்றால் வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). ரேமிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் கைக்கு வர, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 80 நானோ வினாடி ஆகலாம். அதற்குள் ப்ராசஸர் 300 முறைக்கு மேல் துடித்துவிடும். அதனால்தான் கொத்தனார் கை எட்டும் தூரத்தில் பத்துக் கல்லை அடுக்கி வைத்துக்கொள்வதுபோல, ப்ராசஸர் தனக்குள்ளேயே கேஷ் என்ற சிறிய நினைவகத்தை வைத்திருக்கிறது.

ரேமுக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது? ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச் சிறிய மின்தேக்கி என்ற ஜோடிக்குள் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்ட் கண்ட அமைப்பு இது, 1968-இல் காப்புரிமை பெற்றது. இன்றைய ரேம் வகையான டிடிஆர்5 வரை அடிப்படை அதேதான். மின்தேக்கியில் கொஞ்சம் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்தக் கொஞ்சம் என்பது உண்மையிலேயே கொஞ்சம். ஒரு வரிசையைத் திறந்ததும் அந்த மெல்லிய மின்னூட்டம் கம்பியில் கசிந்து வரும். அதை ஒரு பெருக்கி உணர்ந்து, 1-ஆ 0-ஆ என்று முடிவுக்கு வரச் சில நானோ வினாடிகள் தேவை. முடிவு இறுகும் முன்பே எட்டிப் பார்த்தால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 தெரியலாம். இறுகாத கல்லின் கதைதான்.

ரேமின் ஸ்டிக்கரில் 3200, சிஎல்16 என்று எண்கள் இருக்கும். 3200 என்றால் ஒவ்வொரு கம்பியிலும் வினாடிக்கு 320 கோடி முறை தரவு கைமாறுகிறது என்று பொருள். டிடிஆர் வகை ரேம் ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு முறை கொடுக்கும். ஆகவே உண்மைக் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். (சிபியு-இசட் என்ற மென்பொருள் 1600 என்று காட்டியதும், ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏமாற்றவில்லை, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.) சிஎல்16 என்றால், கேட்டபிறகு பதில் வரப் 16 துடிப்பு பொறுக்க வேண்டும். ஒரு துடிப்பு 0.625 நானோ வினாடி. ஆக மொத்தம் 10 நானோ வினாடி.

இந்த வேகம் எவ்வளவு குறுகியது என்பதற்கு ஒரு கணக்கு. 3200-இல் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே 9 சென்டிமீட்டர் சொச்சம்தான் போகும். மேசைக் கம்ப்யூட்டர் ரேமின் நீளமே 13 சென்டிமீட்டருக்கு மேல். இவ்வளவு இடுக்கில் ஓடுகிற தரவு தவறாமல் வந்து சேர்வதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, எந்த ரேம் எவ்வளவு வேகம் தாங்கும் என்று மதர்போர்டுக்கு (எல்லாப் பாகமும் சொருகியிருக்கும் பலகை) எப்படித் தெரியும்? ரேமிலேயே எஸ்பிடி என்று ஒரு சின்னச் சிப் இருக்கிறது. அதை ரேமின் ஜாதகம் எனலாம். எந்த வேகத்தில் எத்தனை துடிப்பு பொறுக்க வேண்டும், எவ்வளவு வோல்ட் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும், விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருள் முதல் வேலையாக அதைப் படித்து, எல்லா ரேமுக்கும் பொருந்துகிற வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். 3200-உம் 2400-உம் கலந்து போட்டால் இரண்டையும் 2400-இல் ஓட்டும். யாரும் கை வைக்காதவரை இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது.

அதே ஜாதகத்தில் எக்ஸ்எம்பி என்று இன்னொரு பக்கமும் சில ரேம்களில் உண்டு. இது ப்ராசஸர் செய்யும் இன்டெல் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் டிடிஆர்5-க்கு எக்ஸ்போ என்பார்கள். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 3200 பல நேரம் இந்தப் பக்கத்து வேகம். பொதுத்தரப் பக்கத்தில் அதே ரேமுக்கு 2133, 2400 போன்ற குறைந்த வேகம்தான் இருக்கும். எக்ஸ்எம்பியைப் போட்டால் வேகம் கூடும், டிடிஆர்5-க்கு முந்தைய டிடிஆர்4 வகையில் வோல்ட்டும் வழக்கமாக 1.2-இலிருந்து 1.35-க்கு ஏறும். யாராவது வேகத்தை மட்டும் கையால் ஏற்றிவிட்டு வோல்ட்டை மறந்தால் அங்கே ஒரு தொல்லை ஆரம்பம்.

ரேமின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். ரேமோடு பேசும் பகுதி இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 ப்ராசஸருடனும், இன்டெல் 2008-இல் நெஹலெம் வகை ப்ராசஸருடனும் அதை உள்ளே கொண்டுவந்தன. அந்தப் பகுதிக்கும் தாங்கும் எல்லை உண்டு. ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கு, இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு போட்டால் 3600. வித்தியாசத்தைப் பாருங்கள். ரேம் சொருக நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலையும் நிரப்பி, பழைய வேகத்தையே எதிர்பார்ப்பது பந்தியில் இரண்டு வரிசைக்குப் பரிமாறுகிறவரிடம் நாலு வரிசையைக் கொடுத்துவிட்டு அதே சுறுசுறுப்பைக் கேட்பது மாதிரி.

இந்தத் தொல்லை புதிதும் இல்லை. 70 நானோ வினாடி, 60 நானோ வினாடி என்று பார்த்துப் பார்த்து ரேம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1998-இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ ப்ராசஸர், தன்னை ரேமோடு இணைக்கும் 66 மெகாஹெர்ட்ஸ் பாதையில் 300 மெகாஹெர்ட்ஸாக ஓடும். பாதையை 100-க்கு மாற்றினால் 450. பல ப்ராசஸர்கள் அதைத் தாங்கின. ஆனால் 66-க்குச் செய்த ரேமுக்கு ஒரு துடிப்பு 15 நானோ வினாடியாக இருந்தது, திடீரென்று 10 ஆகிவிட்டது. 100 மெகாஹெர்ட்ஸ் ரேம் வாங்காமல் பாதையை மட்டும் மாற்றினால் விழுவது ரேமால், திட்டு வாங்குவது ப்ராசஸர்.

இனி என் மூன்று நாள் கதை.

முதல் நாள் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். ரெண்டரிங் போட்டால் விழுகிறது என்றாரே, சுமை கூடும்போது மின்சாரம் போதவில்லையோ என்று என் கடையில் இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. இரண்டாம் நாள் வைரஸ், டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) என்று சுற்றினேன். நீலத் திரையில் ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தது. அடுத்த தடவை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். மூன்றாவது தடவை பேஜ் ஃபால்ட். ஒவ்வொன்றாக இணையத்தில் தேடி ஒவ்வொரு டிரைவராக மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரே டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். தினம் ஒரு பிழை, தினம் ஒரு பெயர் என்றால் அடித்தளத்திலேயே கோளாறு. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தும் அது அன்று உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் நின்றது. மறுபடி தொடங்கினேன், வேறொரு இடத்தில் நின்றது. அப்போதுதான் கண் திறந்தது. ஒரு பெரிய ஜிப் கோப்பை எடுத்து மூன்று தடவை விரித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் பிழை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கெட்டது வேறு வேறு கோப்பு. ஹார்டு டிஸ்க்கில் கீறல் என்றால் அதே கோப்பு அதே இடத்தில் கெட வேண்டும். பிழை இடம் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் ரேமின் மேல் போக வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம்.

பெட்டியைத் திறந்து ரேம்களைக் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்தேன். பழைய ஜோடி 3200, சிஎல்16. புதிதாகக் கூட்டியது என்றாரே, அந்த ஜோடி யாரோ கழற்றி விற்ற 2400, சிஎல்17. பயாஸுக்குள் போனால், கம்ப்யூட்டரை முதலில் சேர்த்துக்கொடுத்தவர் 3200, சிஎல்16 என்று கையால் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறார். ஜாதகம் பார்க்கவே வழி இல்லை. 2400, சிஎல்17 ரேம் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் 14 நானோ வினாடிக்கு மேல். அதனிடம் 10-இல் கேட்டிருக்கிறோம். சும்மா இருக்கும்போது, இணையம் பார்க்கும்போது எப்படியோ சமாளித்திருக்கிறது. ரெண்டரிங்கில் ரேம் முழுவதும் நிறைந்து சூடும் ஏறியதும் கைவிட்டிருக்கிறது.

சந்தேகம் வந்துவிட்டால் உறுதி செய்ய மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்க வேண்டும். ரேம் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் அது பிழை இல்லை என்று சொன்னால் நான் முழுதாக நம்புவதில்லை. மெம்டெஸ்ட்டை ராத்திரி போட்டுவிட்டுப் போய்க் காலையில் வந்து பார்ப்பேன். இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது, நடுராத்திரி கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சுற்று சுத்தமாக வந்தது போதாது, நாலைந்து சுற்றாவது ஓட வேண்டும். பிழையோ ஒன்றே ஒன்று வந்தாலும் போதும். பல கோடி பிட்டில் ஒன்றுதானே என்று விட முடியாது.

பிழை வந்தபிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம், பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். சிவப்பு வரியைப் பார்த்ததும் "ரேம் போச்சு" என்று குப்பையில் போடாதீர்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்து, கையால் போட்ட எண்களை எல்லாம் நீக்கித் தானியங்கி அமைப்புக்குக் கொண்டுவந்து, சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். பிழை காணாமல் போனால் ரேம் நல்ல ரேம், வேகம்தான் தப்பு. குறைந்த வேகத்திலும் அதே முகவரியில் பிழை வந்தால் சிப்பே கெட்டிருக்கிறது. அப்போது ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பார்த்துக் குற்றவாளியைப் பிரிக்க வேண்டும். எந்த ரேமைப் போட்டாலும் குறிப்பிட்ட ஒரு ஸ்லாட்டில்தான் பிழை என்றால் பழி மதர்போர்டின் மேல். நம் ஊர்ச் செம்மண் தூசிக்கு ஸ்லாட்டை ஊதித் துடைப்பதும், ரேமின் தங்கநிறப் பல்லை ரப்பரால் மெல்லத் தேய்ப்பதும் வீண்போகாது. இரண்டு ரேம் மட்டும் என்றால், நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம், போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். ரேமின் மின்தேக்கிகள் ஓட்டைப் பானை மாதிரி. ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் டிடிஆர்4-இல் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்பச் சொல்வது பொதுத்தரத்திலேயே இருக்கிற விதி. வளவும் முற்றமும் உள்ள பழைய வீடுகளில் தளம் சித்திரையிலும் குளிர்ந்தே கிடக்கும். கம்ப்யூட்டரை அங்கே வைக்காமல் மாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டு, காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் 2 மணிக்கு விழுகிறது என்று வருகிறவர்கள் உண்டு. விளிம்பில் ஓடும் ரேமை வெயில் தள்ளிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரேம் சந்தேகத்தில் இருக்கும்போது பயாஸ் புதுப்பிப்பது, விண்டோஸ் ஏற்றுவது, ஹார்டு டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது எதையும் செய்யாதீர்கள். கெட்ட பிட் ரேமோடு நிற்காது. அதன் வழியாகப் போகிற படம், வீடியோ எல்லாவற்றிலும் பதிந்து டிஸ்க்கில் உட்கார்ந்துவிடும். நான் விண்டோஸ் ஏற்றப் போனது பெரிய முட்டாள்தனம். அந்தத் தம்பியின் கல்யாண வீடியோக்கள் வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பினேன். டிடிஆர்5-இல் பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் பார்க்கும். சிப்பிலிருந்து ப்ராசஸருக்கு வரும் வழியில் நேர்வது அதன் கணக்கில் வராது.

வேகத்தைத் தானியங்கியில் விட்டேன். நான்கு ரேமும் 2400-இல் ஒத்துப்போயின. ராத்திரி முழுவதும் மெம்டெஸ்ட், ஒரு பிழையும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் 2400 என்று பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"வேகத்தைக் குறைச்சிட்டீங்களேண்ணே?"

"பத்து நிமிசத்துல விழுறதைவிட இது வேகம்தானே தம்பி."

கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீடியோ அவருக்குப் பாக்கி இருந்தது. என் கடையிலேயே ரெண்டரிங் போட்டுவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, பணம் சேர்த்து, ஒரே பெட்டியில் வந்த 16 ஜிபி ஜோடி ஒன்றை வாங்கி வந்தார். நாலையும் கழற்றிவிட்டு அந்த இரண்டை மட்டும் போட்டு, எக்ஸ்எம்பியில் 3200 வைத்துச் சோதித்துக் கொடுத்தேன்.

கழற்றிய 2400 ஜோடியை "தூக்கிப் போட்டுடுங்கண்ணே" என்று விட்டுப்போனார். என் கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்குள் அது இப்போது 2400-லேயே ஓடிக்கொண்டிருக்கிறது.